கழற்றிப் போட்ட டீசல் லேண்ட் ரோவர்: இனி எங்கிருந்து தொடங்குவது?

கிரீஸ் கை

வணக்கம். 1965 லேண்ட் ரோவர், சீரிஸ் 2ஏ, முன் பின் அச்சுக்கு இடையே 88 அங்குல வண்டி, 2286 சிசி டீசல். 18 வருடம் ஒரு கொட்டகையில் நின்றுவிட்டு இப்போது என் வீட்டுக்கு வந்திருக்கிறது. வந்த உற்சாகத்தில் மூன்று சனி ஞாயிறுக்குள் இருக்கை, தரைத் தகடு, முன் மட்கார்டு இரண்டும், ரேடியேட்டர், கதவுகள், விளக்குகள் என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் கழற்றிவிட்டேன். கழற்றும்போது நன்றாகத்தான் இருந்தது. நான்காவது வாரம் போய் நின்றேன், எதைத் தொடுவது என்றே தெரியவில்லை, ஒரு மணி நேரம் சும்மா பார்த்துவிட்டு விளக்கை அணைத்துவிட்டு வந்துவிட்டேன்.

எஞ்சின் சுற்றவில்லை. கிராங்க் கம்பியைப் போட்டு அதன் மேல் ஏறி நின்றாலும் அசையவில்லை. போல்ட், நட்டு, வாஷர் மொத்தமும் ஒரே ஆயில் டின்னில் கிடக்கிறது (திட்டுங்கள், தெரியும்). எஞ்சினை வெளியே எடுத்துவிடலாமா? டீசல் பம்ப்பை இப்போதே ஓவராலுக்குக் கொடுத்துவிடலாமா? சேஸிஸ் வெளியே பார்க்க நன்றாகத்தான் இருக்கிறது.

பழைய இரும்பு

தம்பி, முதலில் ஸ்பேனரைக் கீழே வை. இனி ஒரு போல்ட் கூடக் கழற்றாதே.

நானும் என் முதல் வண்டியை எலும்புக்கூடு வரை பிரித்தவன்தான். நாலரை வருடம் அப்படியே கிடந்தது, கடைசியில் எந்தப் பாகம் எந்தப் பெட்டியில் என்று எனக்கே மறந்துபோய் அப்படியே அள்ளி வேறொருவருக்குக் கொடுத்துவிட்டேன். இரண்டாவது வண்டியை ஓடவிட்டு, ஓடவிட்டே ஒவ்வொன்றாகச் சரி செய்தேன். அது இன்றும் ஓடுகிறது.

முதலில் எஞ்சின் ஓட வேண்டும், அப்புறம் வண்டி நிற்க வேண்டும், அப்புறம் நேராகப் போக வேண்டும். பெயின்ட், ரெக்ஸின் எல்லாம் அதற்குப் பிறகு. ஓடாத வண்டியில் கியர் பாக்ஸ் நல்லதா கெட்டதா என்று யாருக்குத் தெரியும்? விசையை முன் பின் அச்சுகளுக்குப் பிரிக்கும் டிரான்ஸ்பர் கேஸ் கத்துகிறதா, மூன்றாவது கியர் துள்ளி வெளியே வருகிறதா, கிளட்ச் பிளேட் ஒட்டிக்கொண்டிருக்கிறதா, ஒன்றும் தெரியாது. தெரியாததால் எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் பிரிப்பாய். பாதிப் பாகம் பிரிக்கத் தேவையே இல்லாததாக இருக்கும்.

எஞ்சின் பிடித்திருப்பதற்கு: நான்கு இன்ஜெக்டரையும் கழற்று. ஆட்டோமேட்டிக் கியர் ஆயிலும் டீசலும் பாதிக்குப் பாதி கலந்து ஒவ்வொரு துளையிலும் கொஞ்சம் ஊற்று. தினமும் ஊற்று, தினமும் கிராங்க் கம்பியில் மெதுவாக அழுத்திப் பார். ஒரு வாரமும் ஆகலாம், ஒரு மாதமும் ஆகலாம். வேறு வண்டியில் கயிறு கட்டி கியரில் போட்டு இழுக்கிற வேலை மட்டும் வேண்டாம், ரிங் உடையும். விடுபட்ட பிறகும் இன்ஜெக்டரை உடனே மாட்டாதே. இந்த எஞ்சினின் கம்ப்ரஷன் 23:1, மேலே இருக்கும் இடம் அவ்வளவு சிறியது, அங்கே எண்ணெய் தேங்கியிருந்தால் அமுங்காது, கனெக்டிங் ராடுதான் வளையும். துளைகளைத் திறந்தே வைத்துச் சுற்று, எல்லாம் பீய்ச்சி அடித்து வெளியே வரும். முகத்தை நேராக வைத்துக்கொண்டு எட்டிப் பார்க்காதே.

இன்ஜெக்டர் குழிக்குள் டார்ச் அடித்துப் பார்த்து அடியில் இருக்கும் பழைய வாஷரையும் எடுத்துவிடு. கரியோடு கரியாக ஒட்டிக்கிடக்கும், பலர் கவனிக்காமல் அதன் மேலேயே புதியதைப் போட்டுவிட்டு, கம்ப்ரஷன் ஏன் கசிகிறது என்று தலையைச் சொறிவார்கள்.

அந்த டின்னை அப்படியே விட்டுவிடாதே. அந்தக் காலத்து வண்டியில் யூஎன்எஃப், பிஎஸ்எஃப் என்று இரண்டு வகை மரையும் கலந்து இருக்கும். கால் அங்குல போல்ட்டில் யூஎன்எஃப்புக்கு அங்குலத்துக்கு 28 மரை, பிஎஸ்எஃப்புக்கு 26. கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான். மாற்றிப் போட்டால் இரண்டு சுற்று சமர்த்தாக ஏறும், மூன்றாவது சுற்றில் இறுகும், துரு என்று நினைத்து நீ இன்னும் அழுத்துவாய், மரை போய்விடும். மரையை அளக்கும் திரெட் கேஜ் ஒன்றை வைத்துக்கொண்டு உட்கார்ந்து பிரி. ஒரு சாயங்கால வேலை.

நெம்புகோல்

பழைய இரும்பு அண்ணன் சொல்வதில் எஞ்சின் வரைக்கும் சரி, மற்றதில் எனக்கு உடன்பாடு இல்லை. "ஓடவிட்டே சரி செய்" என்பது சேஸிஸ் நன்றாக இருக்கிற வண்டிக்குப் பொருந்தும். சேஸிஸ் போயிருந்தால் உடம்பைத் தூக்கிவிட்டு முதலில் அதைத்தான் சரி செய்ய வேண்டும்.

லேண்ட் ரோவர் நம்மை ஏமாற்றும் விதமே வேறு. 1948இல் முதல் வண்டி வந்த சமயத்தில் இங்கிலாந்தில் எஃகுக்குப் பற்றாக்குறை, அதனால் உடம்புக்கு அலுமினியக் கலவைத் தகடு போட்டார்கள். அது துருப்பிடிக்காது. அறுபது வருடம் கழித்தும் பளபளவென்று நிற்கும், பார்க்கிறவர் வண்டி உறுதியாக இருக்கிறது என்று நினைப்பார். ஆனால் அடியில் சேஸிஸ் எஃகுத் தகட்டுப் பெட்டிதான், டாஷ்போர்டைத் தாங்கும் பல்க்ஹெட்டும் எஃகுதான். சேறும் தண்ணீரும் பெட்டிக்குள் புகுந்து தங்கி உள்ளிருந்து வெளியே அரிக்கும். வெளியே பெயின்ட் அப்படியே இருக்கும்.

கிரீஸ் கை, "வெளியே பார்க்க நன்றாக இருக்கிறது" என்ற வாக்கியத்தை மறந்துவிட்டு ஒரு உருண்டைத் தலைச் சுத்தியலோடு படுத்து உள்ளே போங்கள். ஒரு ஜாண் இடைவெளியில் தட்டிக்கொண்டே வாருங்கள். நல்ல இரும்பு கணீர் என்னும், போன இரும்பு பொத் என்னும். முக்கியமாகப் பின் குறுக்குச் சட்டம், உடம்பைத் தாங்கும் பக்கவாட்டுக் கைகள், லீஃப் ஸ்பிரிங் மாட்டும் இடங்கள், அப்புறம் பல்க்ஹெட்டில் கால் வைக்கும் குழிகள். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், தட்டும்போது கொட்டும்.

கிரீஸ் கை

தட்டினேன். பின் குறுக்குச் சட்டத்தின் இடது மூலையில் மூன்றாவது தட்டிலேயே சுத்தியல் உள்ளே போய்விட்டது. போனதோடு இல்லாமல் வெளியே இழுக்கும்போது காய்ந்த மண்ணும் துருப் பொருக்கும் இரண்டு கை அளவுக்கு நெஞ்சின் மேல் கொட்டியது. வலது பக்கவாட்டுக் கை ஒன்றும் போய்விட்டது. டிரைவர் பக்கக் கால் குழியில் விரல் போகிறது. ஆனால் நீளவாக்கில் ஓடும் இரண்டு பெரிய சட்டங்களும் முன்னிருந்து பின்வரை கணீர்தான், ஸ்பிரிங் மாட்டும் இடங்களும் பரவாயில்லை.

இன்னொரு செய்தி, ஒன்பதாவது நாள் எஞ்சின் அசைந்தது! கிராங்க் கம்பியை அழுத்தினேன், டக் என்று ஒரு சத்தம், எதையோ உடைத்துவிட்டேன் என்று பயந்துபோனேன், பார்த்தால் கால் சுற்று நகர்ந்திருக்கிறது. இப்போது முழுதாகச் சுற்றுகிறது. ஏர் பில்டர் குழாய்க்குள் ஒரு எலிக் கூடு இருந்தது, பஞ்சும் ரெக்ஸின் துண்டுமாக. இருக்கையில் காணாமல் போன பஞ்சு எங்கே போனது என்று புரிந்தது.

ஒற்றைச் சிலிண்டர்

எலிக் கூட்டை எடுத்த கையோடு, ஸ்டார்ட் செய்யும் முன் சிலிண்டரைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்கையும் பாருங்கள். உங்கள் வருட வண்டியில் நான்கும் தொடராக, ஒன்றன் பின் ஒன்றாக இணைத்திருக்கும், ஒவ்வொன்றும் 2 வோல்ட்டுக்கும் குறைவாக எடுக்கும். பழைய சீரியல் விளக்கு மாதிரிதான், ஒன்று போனால் நான்கும் போச்சு. மீட்டரை வைத்து ஒவ்வொன்றாகச் சோதித்தால் எது என்று தெரியும். ஒவ்வொரு பிளக்கின் இரண்டு முனையும் எஞ்சின் உடம்பில் படக்கூடாது, கரி படிந்து பட்டிருந்தாலும் அதற்குப் பின்னால் இருப்பவை சூடாகாது. அவசரமாக 12 வோல்ட் புது மாதிரி பிளக் வாங்கிப் பழைய ஒயரிங்கிலேயே மாட்டிவிடாதீர்கள், அதற்கு இணை இணைப்பு வேண்டும், டாஷ்போர்டில் இருக்கும் ரெசிஸ்டரையும் சுற்றிலிருந்து எடுத்துவிட வேண்டும்.

கிரீஸ் கை

மூன்றாவது பிளக் போயிருந்தது, மாற்றினேன். நான்கும் சூடாகின்றன. டேப்பட் (வால்வு இடைவெளி) 0.010 அங்குலம் வைத்தேன். புது ஆயில், புது டீசல் பில்டர், புது பேட்டரி. ஸ்டார்ட்டர் நன்றாகச் சுற்றுகிறது. ஸ்டார்ட் ஆகவில்லை. சைலன்சரில் புகை துளிக்கூட இல்லை.

அப்புறம் ஒரு விசித்திரம், அம்மீட்டர் தலைகீழாகக் காட்டுகிறது. விளக்கைப் போட்டால் சார்ஜ் பக்கம் போகிறது.

பழைய இரும்பு

பேட்டரியை மாற்றி மாட்டியிருக்கிறாய். 1960களின் நடுவில் வந்த இந்த வண்டிகள் பாசிட்டிவ் எர்த். பாசிட்டிவ்தான் சேஸிஸில் போக வேண்டும். நல்ல வேளை, உன்னுடையது டைனமோ, எலக்ட்ரானிக் எதுவும் இல்லை, ஆல்டர்னேட்டர் இருந்திருந்தால் டையோடு எல்லாம் போயிருக்கும். ஸ்டார்ட்டர் எந்தப் பக்கம் மாட்டினாலும் ஒரே திசையில்தான் சுற்றும், அதனால்தான் உனக்குத் தெரியவில்லை. சரியாக மாட்டிவிட்டு, டைனமோவின் எஃப் முனை ஒயரைக் கழற்றி, பேட்டரியில் எர்த் இல்லாத முனையிலிருந்து ஒரு ஒயரை எடுத்து அந்த எஃப் முனையில் இரண்டு மூன்று தடவை தொட்டு எடு. டைனமோ தன் திசையைப் பிடித்துக்கொள்ளும்.

புகையே இல்லை என்றால் டீசல் சிலிண்டருக்குப் போகவில்லை. வெள்ளைப் புகை வந்தால் டீசல் போகிறது, எரியவில்லை என்று அர்த்தம். உனக்கு முதல் வகை.

நாசில்

இந்தக் கட்டத்தில்தான் ஆளாளுக்கு "பம்ப் போச்சு" என்று முடிவு செய்து பம்ப்பைக் கழற்றுவார்கள். கழற்றாதீர்கள். பத்துக்கு எட்டு தடவை டீசல் குழாய்க்குள் புகுந்த காற்றுதான்.

உங்களுடையது சிஏவி டிபிஏ ரோட்டரி பம்ப். அதற்கு வெளியிலிருந்து எண்ணெய் கிடையாது, உள்ளே ஓடும் டீசல்தான் அதன் மசகு. 18 வருடத்தில் உள்ளே டீசல் பிசின் மாதிரி ஆகி டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் மீட்டரிங் வால்வு ஒட்டிக்கொண்டிருக்க வாய்ப்பு உண்டு, ஆனால் அது இரண்டாவது சந்தேகம்.

முதலில் காற்று எடுங்கள். எஞ்சின் பக்கத்தில், தொட்டியிலிருந்து டீசலை இழுக்கும் லிஃப்ட் பம்ப்பில் ஒரு சின்ன கை நெம்பு இருக்கும். அதை அசைத்தால் தொளதொளவென்று இருக்கிறதா? கேம் மேலே நிற்கும் நிலையில் எஞ்சின் நின்றிருந்தால் அப்படித்தான் இருக்கும், பம்ப் கெட்டுவிட்டது என்று நினைக்காமல் கிராங்க்கை ஒரு சுற்று சுற்றிவிட்டு மறுபடி அசையுங்கள். பில்டர் மேலே உள்ள திருகைத் தளர்த்தி, நுரை போய்த் தெளிந்த டீசல் வரும்வரை அடியுங்கள், இறுக்குங்கள். அப்புறம் டீசல் பம்ப்பின் உடம்பில் உள்ள திருகு, அப்புறம் அதற்கு மேலே கவர்னர் மூடியில் உள்ள திருகு. கடைசியாக இன்ஜெக்டர் குழாய் நட்டுகளை அரைச் சுற்று தளர்த்தி ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள், ஈரம் தெரிந்ததும் இறுக்குங்கள். எது கசிகிறது என்று பார்க்க விரலை வைக்காதீர்கள். இன்ஜெக்டர் முனையில் வரும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும் வேகத்தில் வரும், ஊசி குத்திய மாதிரி ஒரு புள்ளிதான் தெரியும், ஆனால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டிய காயம் அது.

இவ்வளவும் செய்து மறுபடி மறுபடி காற்று வந்தால், காற்று தொட்டிக்கும் லிஃப்ட் பம்ப்புக்கும் இடையில் எங்கோ புகுகிறது. அந்தப் பகுதி உறிஞ்சும் பக்கம். ஓட்டை இருந்தாலும் டீசல் வெளியே சொட்டாது, காற்றுதான் உள்ளே போகும். அதனால் கண்ணால் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு சுத்தமான கேனில் டீசல் ஊற்றி பல்க்ஹெட்டில் பம்ப்பை விட உயரத்தில் கட்டித் தொங்கவிட்டு, லிஃப்ட் பம்ப்பின் நுழைவாயிலுக்கு ஒரு ஒளி ஊடுருவும் குழாயை நேராகக் கொடுங்கள். ஸ்டார்ட் ஆனால் குற்றவாளி பின்னால் இருக்கிறான்.

பழைய இரும்பு

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஸ்டாப் கேபிள் வேலை செய்கிறதா என்று பார். எதற்கும் காற்று உள்ளே போகும் வாயை மூடும் அளவுக்கு ஒரு தட்டையான பலகையைக் கைக்கு எட்டும் இடத்தில் வை. இந்த மாதிரிப் பழைய டீசல் எஞ்சினைச் சாவியைத் திருப்பி நிறுத்த முடியாது. பலகைதான், கை அல்ல.

கிரீஸ் கை

எழுதும்போதே கை நடுங்குகிறது, மன்னிக்கவும்.

நேற்று சாயங்காலம் கேனைத் தொங்கவிட்டேன். முதல் முறை அந்தக் குழாயில் குமிழி ஓடியது, கொஞ்ச நேரத்தில் குமிழி நின்று குழாய் முழுவதும் டீசல். ஹீட்டரை அரை நிமிடம் பிடித்துவிட்டு ஸ்டார்ட்டர். வெள்ளைப் புகை. இன்னொரு தடவை. ஒரு சிலிண்டர் மட்டும் டொக் என்றது. மூன்றாவது தடவை இரண்டு சிலிண்டரில் தட்டித் தடுமாறி, அப்புறம் மூன்று, அப்புறம் நான்கும் சேர்ந்து, கொட்டகைத் தகரமே அதிர்கிற மாதிரி ஒரு சத்தம். எதிரே நிற்கும் சுவர் தெரியவில்லை, அவ்வளவு புகை. நான் கத்தினேன் என்று வீட்டில் சொல்கிறார்கள், எனக்கு நினைவில்லை.

ஸ்டாப் குமிழை இழுத்தேன். கேபிள் கையோடு வந்துவிட்டது. சோதித்தபோது அசைந்தது உறை மட்டும்தான் போலிருக்கிறது, உள்ளே கம்பி எப்போதோ அறுந்திருக்கிறது. எஞ்சின் வேகம் மெல்ல மெல்ல ஏறியது. பலகையை எடுத்து வாயில் வைத்தேன், இழுத்துப் பிடித்துக்கொண்டது, இரண்டு உறுமல், நின்றுவிட்டது. அண்ணே, அந்தப் பலகையில் இன்னும் வட்டமாக அச்சு இருக்கிறது.

தொட்டியை இணைத்தால் ஐந்து நிமிடத்தில் குமிழி வந்து நிற்கிறது. தொட்டிக்குள் போகும் உறிஞ்சு குழாயை எடுத்துப் பார்த்தேன், நடுவில் மயிரிழை விரிசல். தொட்டி நிறைந்திருந்தால் விரிசல் டீசலுக்குள் மூழ்கியிருக்கும், ஓடும். பாதிக்குக் கீழே வந்தால் காற்றை உறிஞ்சும்.

நாசில்

வேகம் தானாக ஏறியது கவனிக்க வேண்டிய விஷயம், மீட்டரிங் வால்வு லேசாக ஒட்டுகிறது. இப்போது பம்ப்பைக் கொடுக்கலாம், காரணம் தெரிந்து கொடுக்கிறீர்கள். கழற்றும் முன் பம்ப் விளிம்பிலும் எஞ்சினிலும் சேர்த்து ஒரு கோடு கீறிவிடுங்கள், டைமிங் தேடி அலைய வேண்டியிருக்காது.

நெம்புகோல்

வாழ்த்துகள். இனி பின் குறுக்குச் சட்டத்துக்கு வருவோம். ஓட்டை மேல் தகடு ஒட்டாதீர்கள், நல்ல இரும்பு வரும்வரை வெட்டி எடுத்துவிட்டு முழுச் சட்டமாக மாற்றுங்கள். வெட்டும் முன் சேஸிஸைச் சமதளத்தில் ஸ்டாண்டில் நிறுத்தி மூலைக்கு மூலை அளவு எடுத்து எழுதி வையுங்கள், வெல்டிங் சூட்டில் இழுத்துக்கொள்ளும். தொட்டியைக் கழற்றி வெளியே கொண்டுபோய் வைத்த பிறகுதான் வெல்டிங். காலித் தொட்டிதான் நிறைந்த தொட்டியை விட ஆபத்து, உள்ளே ஆவி. பேட்டரி எர்த்தைக் கழற்றுங்கள். பிரேக் கிளீனர் தெளித்த இடத்தில் ஆர்க் அடிக்காதீர்கள், குளோரின் கலந்த கிளீனராக இருந்தால் வருவது விஷவாயு.

உடம்பைத் தூக்காமலேயே இதைச் செய்யலாம். ஒப்புக்கொள்கிறேன், அண்ணன் சொன்னது இந்த வண்டிக்குச் சரி. நீளச் சட்டம் போயிருந்தால் நான் சொன்னதுதான்.

பழைய இரும்பு

நீளச் சட்டம் போயிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

தம்பி, பிரேக். நான்கு சக்கரமும் டிரம், ஒரே சர்க்யூட். ஒரு சிலிண்டர் ரப்பர் போனால் நான்கும் போன மாதிரி. அதனால் ஒன்றை மாற்றி மூன்றை விடுகிற பேச்சே இல்லை, எல்லா சிலிண்டரும், எல்லா ஹோஸும், துருப்பிடித்த இரும்புக் குழாயும் மாற்று. பழைய லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கும் என்றே வைத்துக்கொள், காற்றடித்து ஊதாதே, ஈரத் துணியால் துடைத்து உறையில் கட்டு. கியர் பாக்ஸுக்கு ஜிஎல் 4 ஆயில், உள்ளே வெண்கல புஷ் இருக்கிறது, ஜிஎல் 5இல் உள்ள கந்தகச் சேர்க்கை சில வகையில் அதை அரிக்கும்.

ஒற்றைச் சிலிண்டர்

பெயின்ட் நேரம் வரும்போது ஒன்று மட்டும்: அலுமினியத்தில் இரும்பு பிரஷ் போடாதீர்கள். இரும்புத் தூள் தகட்டில் பதிந்து அங்கேயே அரிப்பு தொடங்கும். எட்ச் ப்ரைமர் இல்லாமல் அடித்த பெயின்ட் ஒரு வருடத்தில் அப்பளமாக உரியும். அலுமினியமும் எஃகும் தொடும் எல்லா இடத்திலும் நடுவில் ஏதாவது ஒரு தடுப்பு, ரப்பரோ பேஸ்டோ, வையுங்கள்.

கிரீஸ் கை

ஏழு மாதம் கழித்து வருகிறேன். பின் சட்டம் மாற்றியாயிற்று, பக்கவாட்டுக் கையும் கால் குழியும் முடிந்தன. பம்ப் வந்துவிட்டது, ஸ்டாப் கேபிள் புதிது, இழுத்தால் நிற்கிறது. பிரேக் மூன்று தடவை காற்று எடுத்த பிறகுதான் மிதி மேலே நின்றது. மஞ்சள் குமிழை அழுத்தி நான்கு சக்கரம் போட்டு ஒரு மண் மேட்டில் ஏற்றிப் பார்த்தேன், ஏறியது. லோ கியருக்கு மாற்றும் சிவப்பு நெம்பு முதலில் அடம்பிடித்தது, இப்போது வழிக்கு வருகிறது. முன் சக்கரம் திரும்பும் மூட்டில் உள்ள குரோம் உருண்டை குழி விழுந்திருப்பதால் வலது பக்கம் ஆயில் கசிகிறது, அது அடுத்த மாதம். பெயின்ட் இன்னும் அடிக்கவில்லை. மூன்றாவது கியர் துள்ளுகிறது அண்ணே, நீங்கள் சொன்ன மாதிரியே ஓட்டிப் பார்த்துத்தான் தெரிந்தது.

டின்னில் இன்னும் பதினோரு போல்ட் மீதி.

பழைய இரும்பு

நல்லது. அந்த உறிஞ்சு குழாய் மாற்றினாயா?

கிரீஸ் கை

அது வந்து... தொட்டியை எப்போதும் பாதிக்கு மேலேயே வைத்துக்கொள்கிறேன்.

பழைய இரும்பு

கழற்று.